1,500 மணி நேரம்: சிறு சரக்கு விமானங்களில் தேறும் புதிய விமானிகள்

அமெரிக்காவில் விமானம் ஓட்டிச் சம்பளம் பெறுவதற்கான வணிக விமானி உரிமத்தை, வழக்கமான பயிற்சி வழியில் செல்பவர் 250 மணி நேரம் பறந்து முடித்ததும் பெற்றுவிடலாம். ஆனால் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமான நிறுவனமொன்றில், தலைமை விமானியாக அல்ல, துணை விமானியாக அமர்வதற்கே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இடைப்பட்ட 1,250 மணி நேரத்தை எந்த விமானத்தில், யாருடைய செலவில் பறந்து சேர்ப்பது என்பதே அங்கு உரிமம் பெற்ற ஒவ்வொருவரும் சந்திக்கும் முதல் சிக்கல். சொந்தப் பணத்தில் விமானத்தை வாடகைக்கு எடுத்து இத்தனை நேரம் பறப்பது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், பறப்பதற்குக் கூலியும் தந்து, அந்த நேரத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவும் இடம் தருகிற வேலைகளை அவர்கள் தேடுகிறார்கள். புதிய மாணவர்களுக்குப் பயிற்சி தருவது, விளம்பரப் பதாகையை வானில் இழுத்துச் செல்வது, பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோய் விடுவது, எண்ணெய்க் குழாய்த் தடங்களை வானிலிருந்து கண்காணிப்பது ஆகியன அத்தகைய வேலைகள். அவற்றுள் கடினமானதும், செய்து முடித்தவருக்குச் சக விமானிகளிடையே மிகுந்த மதிப்பைத் தருவதும் சிறு சரக்கு விமானங்களை ஓட்டும் வேலையாகும்.

விமானியின் தகுதி, 'லாக்புக்' எனப்படும் பறப்புப் பதிவேட்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு பறப்புக்கும் அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் மொத்த நேரத்தோடு, அது எவ்வகைப்பட்ட நேரம் என்பதும் தனித்தனிக் கட்டங்களில் பதிவாகிறது. விமானத்துக்கு முழுப் பொறுப்பேற்றுப் பறந்ததா, உடன் பறந்ததா, பகலா, இரவா, தொலைவிலுள்ள வேறொரு விமான நிலையத்துக்குச் சென்றதா, வெளியே பார்த்து ஓட்டியதா, மேகத்துக்குள் எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டியதா, பிஸ்டன் எஞ்சினா, டர்பைன் எஞ்சினா என்று இந்தப் பகுப்பு நீளும். 1,500 மணி நேரம் என்ற நிபந்தனையும் வெறும் கூட்டுத்தொகையால் நிறைவேறுவதில்லை. அதற்குள் 500 மணி நேரம் ஊர்விட்டு ஊர் சென்றதாகவும், 100 மணி நேரம் இரவிலும், 75 மணி நேரம் கருவிவழிப் பறப்பிலும், 250 மணி நேரம் பொறுப்பு விமானியாகவும் கழிந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளியின் ஓடுதளத்தைச் சுற்றிச்சுற்றி வந்து சேர்க்கும் மணி நேரத்தில் இந்தக் கட்டங்களுள் பல காலியாகவே கிடக்கும். சரக்கு விமானியின் பதிவேட்டிலோ ஒரே இரவுப் பறப்பு நான்கைந்து கட்டங்களை ஒருசேர நிரப்பிவிடும்.

இந்த நிபந்தனைக்குக் காரணமான நிகழ்ச்சி 2009 பிப்ரவரி 12 இரவு நடந்தது. நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் தரையிறங்கும் தறுவாயில் வேகம் குறைந்து, இறக்கைகள் தூக்குவிசையை இழந்து, ஒரு வீட்டின்மேல் விழுந்ததில் விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் உயிரிழந்தனர். வேகம் குறைவதை எச்சரித்துக் கைப்பிடி அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி அதற்கு நேர்மாறாகக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்ததே காரணமென விசாரணை கண்டது. இறந்தவர்களின் குடும்பத்தினர் தொடர்ந்து போராடியதன் விளைவாக 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும், அதைப் பின்பற்றி 2013இல் எஃப்.ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் பிறப்பித்த விதியும், அதுவரை 250 மணி நேரத்திலேயே திறக்கக்கூடியதாக இருந்த துணை விமானியின் கதவை 1,500 மணி நேரத்துக்குத் தள்ளின. ராணுவத்தில் பயின்றவர்களுக்கு 750 மணி நேரமும், விமானவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 மணி நேரமும் போதும் என்ற சலுகைகள் உண்டு. ஆனால் அந்த விபத்தில் இறந்த இரு விமானிகளுமே 2,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். புதிய விதி அப்போதே நடப்பில் இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திருக்காது. ஒரு விமானி எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதைச் சட்டத்தால் எண்ண முடிகிறது. அந்த நேரத்தில் அவர் எதைக் கற்றார் என்பதை எண்ண முடிவதில்லை. சிறு சரக்கு விமானத்தின் அருமை இந்த இரண்டாவது கேள்வியில்தான் தெரியவருகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும்: உரிமம் பெற்ற மறுநாளே சரக்கு விமானத்தில் ஏறிவிட முடியாது. வாடகைக்குப் பறக்கும் சிறு விமானங்களை ஆளும் விதித்தொகுப்பு, அங்கு '135ஆம் பகுதி' என்று எண்ணாலேயே அழைக்கப்படுவது, வெளியே பார்த்து ஓட்டக்கூடிய தெளிவான வானிலையில் மட்டும் பறக்கும் பொறுப்பு விமானிக்கு 500 மணி நேரத்தையும், மேகமூட்டத்தில் கருவிவழிப் பறக்கும் பொறுப்பு விமானிக்கு 1,200 மணி நேரத்தையும் கேட்கிறது. சரக்கு அனுப்புபவர் வானிலை தெளியும்வரை காத்திருக்க மாட்டார் என்பதால், பெரும்பாலான சரக்குத் தடங்களுக்கு 1,200 மணி நேரமே நடைமுறையில் நுழைவு வரம்பாகிறது. ஆகவே இன்றைய நிலையில் ஒருவர் பயிற்சியாசிரியராகவோ வேறு வகையிலோ 1,200 மணி நேரம்வரை சேர்த்துவிட்டுச் சரக்குக்கு வந்தால், விமான நிறுவனத்தின் கதவு திறக்க எஞ்சியிருப்பது 300 மணி நேரம்தான். நேரத்தை விரைந்து பெருக்குவது ஒன்றே நோக்கமென்றால் சரக்கு விமானம் சிறந்த வழியன்று. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற தடத்தில் பறப்பவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மணி நேரமே சேர்ப்பார். தனி விமானிக்கு 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரமும், ஆண்டுக்கு 1,400 மணி நேரமும் பறக்கலாம் என்று விதி அனுமதித்தாலும், கிளைத் தடங்களில் அவ்வளவு வேலை கிடைப்பதில்லை.

முன்பு நிலைமை வேறாக இருந்தது. வானத்தில் தனியாகச் சரக்கைக் கொண்டுபோகும் இளைஞன் என்ற உருவம் அஞ்சல் விமானங்களின் காலத்திலேயே தோன்றிவிட்டது. 1918 மே 15 அன்று வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முறையான விமான அஞ்சல் தொடங்கியது. 1927இல் அட்லாண்டிக்கைத் தனியே கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பர்க், அதற்கு முந்தைய ஆண்டில் செயின்ட் லூயிஸ், சிகாகோ தடத்தில் அஞ்சல் பைகளைச் சுமந்தவர். மூடுபனியிலும் இருளிலும் இறங்க இடம் தெரியாமல் எரிபொருள் தீர்ந்து, அந்த வேலையில் இருமுறை பாராசூட்டில் குதித்துத் தப்பியவர். இந்தியாவின் வான்போக்குவரத்தும் இப்படிப் பைகளோடுதான் பிறந்தது: 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் கொண்டுவந்த அஞ்சலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் அஞ்சலின் இடத்தை வங்கிக் காசோலைகள் பிடித்துக்கொண்டன. ஒரு வங்கியில் செலுத்தப்பட்ட காசோலைத் தாள், அது எந்த வங்கிமீது எழுதப்பட்டதோ அந்த வங்கியை நேரில் சென்றடைந்தால்தான் பணம் கைமாறும். ஓர் இரவு தாமதமானாலும் வட்டி இழப்பு. இதனால் வங்கி வேலைநாள்தோறும் மாலையில் பைபையாகக் காசோலைகள் சிறு விமானங்களில் ஏறி, இரவோடு இரவாக நகரம்விட்டு நகரம் சென்றன. வானிலைக்காக எளிதில் நிற்காத இந்த இரவு ஓட்டத்தில்தான் ஒரு தலைமுறை விமானிகள் தங்கள் மணி நேரங்களைச் சேர்த்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் அமெரிக்க வான்வெளி சில நாட்கள் மூடப்பட்டபோது, கோடானுகோடி டாலர் மதிப்புள்ள காசோலைகள் நின்ற இடத்திலேயே தேங்கின. தாளுக்குப் பதிலாக அதன் மின்னணுப் படிமத்திலிருந்து எடுத்த பிரதியே செல்லும் எனக் கூறும் சட்டம் 2003இல் இயற்றப்பட்டு, 2004 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் காசோலைத் தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மணி நேரம் தேடும் விமானிகளைப் பற்றி அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் சிந்தித்திருக்க வாய்ப்பில்லை.

இன்று எஞ்சியிருப்பது பொட்டலங்கள். ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய ஜெட் விமானங்கள் மெம்பிஸ், லூயிவில் போன்ற மையங்களிலிருந்து விடியுமுன் நடுத்தர நகரங்களுக்கு வந்திறங்குகின்றன. அங்கிருந்து ஜெட் இறங்க முடியாத அல்லது இறங்கிக் கட்டுப்படியாகாத சிற்றூர்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுசேர்ப்பது கிளை விமானங்களின் வேலை. ஃபெடெக்ஸ் கிளைச்சேவைக்கென 200க்கும் மேற்பட்ட செஸ்னா கேரவன் விமானங்களை வைத்திருந்தபோதிலும் அவற்றைத் தானே ஓட்டுவதில்லை. எம்பயர், மவுன்டன் ஏர் கார்கோ, வெஸ்ட் ஏர் போன்ற ஒப்பந்த நிறுவனங்களிடம் விமானங்களை ஒப்படைக்கிறது. விமானிகள் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள். யுபிஎஸ் பொட்டலங்களைச் சுமக்கும் அமெரிஃப்ளைட் போன்ற நிறுவனங்கள், பழைய பீச்கிராஃப்ட் 99, மெட்ரோ ஆகிய இரட்டை எஞ்சின் விமானங்களை ஓட்டிப் பெயர் பெற்றவை.

1982இல் முதன்முதலாகப் பறந்த கேரவன், உயரமான இறக்கையும் மடங்காத சக்கரங்களும் ஒற்றை டர்போபிராப் எஞ்சினும் கொண்ட எளிய விமானம். டர்போபிராப் என்பது ஜெட் எஞ்சினைப் போன்ற டர்பைனைக் கொண்டு முன்புற விசிறியைச் சுழற்றும் அமைப்பு; நம்பகத்தன்மையில் பிஸ்டன் எஞ்சினைவிடப் பல மடங்கு மேலானது. சரக்குக்கான கேரவனில் பயணிகள் அறைச் சன்னல்கள் இல்லை. வயிற்றுப் பகுதியில் கூடுதல் சரக்குக்கூடு ஒன்று தொங்குகிறது. ஏறத்தாழ 3,000 பவுண்டு, அதாவது 1,360 கிலோ எடையை அது சுமக்கும். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் வசதி இல்லாததால் மேகங்களுக்கு மேலே ஏறிப் பறப்பது பெரும்பாலும் இயலாது. ஜெட் விமானி மேலிருந்து குனிந்து பார்க்கும் புயலுக்குள் இருந்துகொண்டுதான் கேரவன் விமானி வேலைபார்க்கிறார்.

அவருடைய வேலை பறப்பதற்கு வெகுநேரம் முன்பே தொடங்குகிறது. விடியற்காலையில் பெரிய விமானம் வந்திறங்கிப் பெட்டிகள் பிரிக்கப்படும்வரை அவர் காத்திருக்கிறார்; பின்னர் பல தடங்களில் பெட்டிகளை ஏற்றுவதிலும் கைகொடுக்கிறார். ஏற்றும்போது பின்பாரம் மிகுந்து விமானம் வாலில் சாய்ந்துவிடாதபடி, வாலுக்கடியில் ஒரு முட்டுக்கோல் நிறுத்தப்படுகிறது. அறை பல பிரிவுகளாகக் கோடிடப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் எடை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பிரிவில் எவ்வளவு ஏறியது என்பதைக் கூட்டி, விமானத்தின் எடை மையம் எந்த இடத்தில் விழுகிறது என்பதை விமானி கணக்கிட வேண்டும். அந்த மையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால், தரையை விட்டு எழும்பியதும் விமானத்தின் மூக்கு கட்டுக்கடங்காமல் மேலே தூக்கும். அப்போது சரிசெய்ய நேரமிருக்காது. வலைகள் இறுக்கிக் கட்டப்பட்டனவா, உலர்பனி, லித்தியம் மின்கலன் போன்ற ஆபத்தான பொருட்களின் பட்டியல் கைக்கு வந்ததா என்பதும் அவர் பொறுப்பே. பெரிய நிறுவனத்தில் ஏழெட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும் இந்த வேலைகளை இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கையுறையோடும் டார்ச் விளக்கோடும் தனியாகச் செய்கிறார்.

பறக்கும்போதும் தனிமைதான். பயணிகளை ஏற்றி மேகத்துக்குள் பறப்பதென்றால் துணை விமானியோ, அனுமதி பெற்ற ஆட்டோபைலட் கருவியோ இருந்தாக வேண்டும் என்று விதிக்கும் 135ஆம் பகுதி, பெட்டிகளை மட்டும் ஏற்றும்போது இரண்டையும் வற்புறுத்துவதில்லை. ஆட்டோபைலட் இல்லாத பழைய இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒருவர் ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்தபடி, மறுகையால் வானொலி அலைவரிசையை மாற்றி, கட்டுப்பாட்டாளர் சொல்லும் புதிய வழியைக் குறித்துக்கொண்டு, இறங்கும் முறைக்கான வரைபடத்தைப் புரட்டி, உயரத்தையும் திசையையும் வேகத்தையும் நொடிக்கு நொடி கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத மேகத்தில், ஓடுதளத்திலிருந்து வரும் வானொலிக் கற்றையைக் கருவியில் பின்தொடர்ந்து 200 அடி உயரம்வரை இறங்கி, அங்கே விளக்குகள் தென்பட்டால் தரையிறங்குவது, தென்படாவிட்டால் உடனே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலெழுவது என்பதே கருவிவழி இறக்கத்தின் சாரம். பயிற்சியில் மாணவன் இதைக் கண்மறைப்பை அணிந்து, அருகில் ஆசிரியர் இருக்கப் பழகுகிறான். சரக்கு விமானியோ மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பலமுறை மெய்யாகவே செய்கிறார்.

கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத சிற்றூர் நிலையங்களின் நடைமுறைகள் தனி. இரவில் அங்கு ஓடுதள விளக்குகள் அணைந்தே கிடக்கும். நெருங்கிவரும் விமானி உரிய அலைவரிசையில் மைக் பொத்தானை ஐந்து நொடிக்குள் ஏழுமுறை அழுத்தினால் அவை முழு ஒளியில் எரியும், ஐந்துமுறை அழுத்தினால் நடுத்தர ஒளி, மூன்றுமுறை அழுத்தினால் மங்கல் ஒளி. திரும்பிப் புறப்படும்போது, மலைகளுக்கிடையே வானொலி எட்டாத இடமானால், தொலைபேசியில் கட்டுப்பாட்டு மையத்தை அழைத்துப் பறக்கும் அனுமதியை வாங்க வேண்டும். குறிப்பிட்ட நிமிடத்துக்குள் புறப்படாவிட்டால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும். அதற்குள் எஞ்சினை முடுக்கி, ஓடுதள முனைக்குச் சென்று எழும்பியாக வேண்டும் என்ற அவசரம் எளிதில் தவறு செய்யத் தூண்டுவது.

குளிர்காலத்தின் உறைபனியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே மிதக்கும் மேகத்துளிகள், விமானத்தில் மோதிய கணமே பனிக்கட்டியாகி இறக்கையின் முன்விளிம்பில் படிகின்றன. அதனால் எடை கூடுவதைவிட, இறக்கையின் வடிவம் கெட்டுத் தூக்குவிசை குறைவதே பெரும் ஆபத்து. உயர்ந்த இறக்கையும் தாங்குகால்களும் வெளியே நீட்டிய சக்கரங்களும் கொண்ட கேரவனில் பனி படிய இடங்கள் மிகுதி. பல விபத்துகளுக்குப் பிறகு 2005இல் எஃப்.ஏ.ஏ. பிறப்பித்த ஆணை, தரையில் பனி படியக்கூடிய நிலையில், புறப்படுவதற்கு ஐந்து நிமிடங்களுக்குள் இறக்கையைக் கண்ணால் பார்ப்பதோடு கையால் தொட்டும் சோதிக்க வேண்டும் என்றது. மெல்லிய, நிறமற்ற பனிப்படலம் விளக்கொளியில் தெரியாது, விரலுக்குத்தான் தட்டுப்படும். பறக்கும்போதோ, தாங்குகாலின்மேல் டார்ச்சை அடித்து எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பது கேரவன் விமானிகளின் அன்றாட வழக்கம். எப்போது தொடர்வது, எப்போது தாழ இறங்குவது, எப்போது புறப்படவே மறுப்பது என்ற முடிவுகளை, பெட்டிகள் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற அழுத்தத்துக்கு நடுவே, கேட்டுக்கொள்ள ஆளில்லாமல் எடுப்பதுதான் இந்த வேலையின் உண்மையான பாடம். விமான நிறுவனங்கள் இந்த அனுபவத்தை மதிப்பதற்கும் அதுவே காரணம்.

ஆனால் இதை வீரக்கதையாக்குவது சரியன்று. காலையில் சிற்றூரை அடைந்து, பகல் முழுவதும் வாடகை அறையிலோ நிலையத்து ஓய்வறையிலோ கழித்து, மாலையில் திரும்பும் பெட்டிகளோடு புறப்படும் பிளவுபட்ட வேலைநாள், உறக்கத்தைத் துண்டுதுண்டாக்குகிறது; களைப்போடு கருவிவழி இறக்கத்தைத் தனியே செய்பவர் மேலும் களைத்தவராகிறாரேயன்றி மேலும் தேர்ந்தவராவதில்லை. பயணிகள் இல்லை என்ற காரணத்தால் பாதுகாப்பு வரம்புகளைத் தளர்த்தும் போக்கு சிறு விமானங்களோடு நிற்கவில்லை: பெரிய விமானங்களின் விமானிகளுக்காக 2014 ஜனவரியில் நடப்புக்கு வந்த புதிய ஓய்வு விதிகளும் பயணிகள் சேவைக்கு மட்டும் உரியவையாக்கப்பட்டு, சரக்குச் சேவை விலக்கப்பட்டது. வான்வெளியும் வானிலையும் ஒன்றாயிருக்க, பின்னால் இருப்பது மனிதரா பெட்டியா என்பதைப் பொறுத்து விமானியின் உறக்கத்தை அளப்பதற்கு நியாயம் கற்பிப்பது கடினம்.

அண்மைக் காலத்தில் இந்த வழி மாறிவருகிறது. துணை விமானி கட்டாயமில்லாத சரக்கு விமானத்திலும் இளம் விமானியொருவரை அருகில் அமர்த்தி, அந்த நேரத்தை அவர் முறைப்படி பதிவு செய்துகொள்ள வகைசெய்யும் விதி 2018இல் வந்தது. இதனால் 1,200 மணி நேரத்துக்கு முன்பே, தேர்ந்த ஒருவரின் பக்கத்திலிருந்து சரக்குத் தொழிலைக் கற்க இயலுகிறது. தனியே விட்டுப் பழக்குவதைவிட இது எவ்வளவோ மேல். அதே ஆண்டில் ஃபெடெக்ஸ் தொடங்கிய 'பர்ப்பிள் ரன்வே' திட்டம், கிளை நிறுவனங்களில் பறப்பவர்களுக்குத் தன் பெரிய ஜெட் விமானங்கள்வரை ஒரு தொடர்பாதையை அமைத்தது. கேரவனைப்போல் இருமடங்கு எடை சுமக்கும் இரட்டை எஞ்சின் ஸ்கைகூரியர் விமானங்கள் 2022 முதல் சேவைக்கு வந்துள்ளன. மறுபுறம், 2023 நவம்பரில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் நிலையத்தில், ரிலையபிள் ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனம் உள்ளே ஒருவருமின்றி ஒரு கேரவனைப் பறக்கவிட்டு இறக்கியது. தானியங்கி விமானம் முதலில் கைவைக்கப்போவது, பயணிகள் இல்லாத இந்தத் தடங்களில்தான் என்பது வெளிப்படை.

தமிழக வாசகர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியாவில் 200 மணி நேரத்தில் வணிக விமானி உரிமம் பெறும் ஒருவர், குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியை முடித்ததும், வேலை கிடைத்தால், நேரடியாக ஏர்பஸ் 320 போன்ற ஜெட்டில் துணை விமானியாகலாம். 1,500 மணி நேரம் என்ற வரம்பு இங்கே தலைமை விமானியாவதற்குத் தேவையான உரிமத்துக்கே உரியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் ஓட்டுவதும் போயிங் ஜெட் விமானங்களையே. அமெரிக்காவைப்போல் கேரவன்கள் சிற்றூர்களுக்குப் பொட்டலம் சுமக்கும் கிளைவலை இங்கு இல்லை. ஆகவே பயிற்சிக்காக அமெரிக்கா செல்லும் மாணவர், அங்கேயே சரக்கு விமானத்தில் மணி நேரம் சேர்த்துத் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குவது தகாது: மாணவர் விசா அந்த வேலையில் சேரும் உரிமையைத் தானாகத் தருவதில்லை, 1,200 மணி நேரத்துக்கு முன் பொறுப்பு விமானியாகக் கருவிவழிச் சரக்குத் தடம் திறப்பதுமில்லை, அமெரிக்க உரிமத்தோடு திரும்பினாலும் இந்தியத் தேர்வுகளை எழுதித் தேறிய பின்னரே இங்குப் பறக்க முடியும்.